கை வெளியே

சில்லு: அங்க இல்லண்ணே. இன்னும் ஒரு தட்டு… ஒண்ணே ஒண்ணு… ஐயோ, தாண்டிட்டீங்க!

ஆணி: ரப்பர் கையுறையோட தட்டறேன்மா. ஒண்ணு தட்டினா நாலு ஓடுது. உன் லேப்டாப், நீயே தட்டு.

சில்லு: உறையைக் கழட்டிட்டுத் தட்டுங்களேன்.

ஆணி: வார்னிஷ் அடிச்சிட்டு இருக்கேன். கழட்டினா தோல் ஒட்டிக்கும்.

வாட்ச்மேன்: யாரு உள்ள? கல்லூரி லீவுன்னு கேட்லயே தொங்குது, பட்டறையில பேச்சுச் சத்தம் கேக்குது…

ஆணி: நான்தான்யா, ஆணி. நேத்துப் படம் காட்டறதுக்குப் போட்ட பலகையை எல்லாம் யாரு கழட்டறது? தானா நடந்து வருமா?

வாட்ச்மேன்: நீ சரி. இந்தப் பொண்ணு?

சில்லு: அனிமேஷன்ணே. கடைசி வருஷம். ஆணியண்ணன்கிட்ட ஒரு சின்ன வேலை.

வாட்ச்மேன்: ஓ, பொம்மையை நகத்தி நகத்திப் படம் புடிக்கற கூட்டமா! நேத்து நானும் கடைசி வரிசையில நின்னு பாத்தேன்மா. அந்த மாப்புப் படம் இருக்கே… அடடா. மாடிப்படி துடைக்கற பொம்பளை மாப்பைப் பிழியறா, தண்ணிக்குப் பதிலா ஊர்ல நடந்தவன் காலடித் தடமெல்லாம் சொட்டுது. அதை ஒவ்வொண்ணா உதறிக் கொடியில காயப் போடறா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. யாரு அந்தப் பொண்ணு?

ஆணி: மைனாம்பாங்க. ஓயாம பேசும், அதான் அந்தப் பேரு.

வாட்ச்மேன்: முதல் பரிசு அதுக்குத்தானே? கொடுக்கலாம். தப்பே இல்ல. உன்னோடது எதும்மா?

சில்லு: கதவு.

வாட்ச்மேன்: கதவு…?

சில்லு: முதுகுல ஒரு கதவைக் கட்டிக்கிட்டு, அது பொருந்தற சுவத்தைத் தேடி அலையறவன். ரெண்டாம் பரிசு.

வாட்ச்மேன்: ஆங், அதுவா! நல்லாதாம்மா இருந்துச்சு. பாதியில போன் வந்து வெளிய போயிட்டேன். கடைசியில சுவர் கிடைச்சுதா அவனுக்கு?

சில்லு: இல்ல.

வாட்ச்மேன்: அப்போ நான் போனது நல்லதாப் போச்சு. நின்னு பாத்திருந்தா மனசு கஷ்டப்பட்டிருக்கும்… ஏய்யா ஆணி, ரெண்டு பேரும் வெளிச்சத்துல கொஞ்சம் திரும்புங்க. இந்தப் பொண்ணு மூக்கும் உன் மூக்கும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. சொந்தமா?

சில்லு: சேச்சே!

ஆணி: …படிச்ச சொந்தமா, எனக்கா? நீ வேற.

வாட்ச்மேன்: அதானே பாத்தேன். சரி சரி, அஞ்சு மணிக்குக் கேட்டைப் பூட்டிடுவேன். உள்ள மாட்டிக்கிட்டுக் கத்தாதீங்க.

சில்லு: …போயிட்டாரா?

ஆணி: போயிட்டாரு.

சில்லு: நல்லா எட்டிப் பாரு.

ஆணி: போயிட்டாரு பாப்பா. செருப்புச் சத்தம் கேட் வரைக்கும் போயிடுச்சு.

சில்லு: இங்க பாப்பான்னு கூப்பிடாதன்னு எத்தனை தடவை சொல்றது?

ஆணி: நீ ‘இல்லைங்க’ன்னு சொல்லியிருக்கலாம். ஒரு ‘சே’ போதாதுன்னு ரெண்டு ‘சே’.

சில்லு: அண்ணா, ஆரம்பிக்காத. வாயில வந்துடுச்சு.

ஆணி: மூணு வருஷமா வாயிலயேதான் இருக்கு. சரி விடு. வெளியில ஆணியண்ணே, வீட்டுல அண்ணா. பழகிப் போச்சு. ஏய், ஏய், அந்தப் பலகை மேல கை வைக்காத, ஈரம்! கை வெளியே!

சில்லு: அதை எங்க புடிச்சே?

ஆணி: எதை?

சில்லு: ‘கை வெளியே’ன்னியே. அது நாங்க படம் எடுக்கறப்போ சொல்றது.

ஆணி: இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே நீங்க படம் எடுக்கற அறை. பதினோரு வருஷமா கேக்கறேன். ‘கை வெளியே’, டிக். ‘கை வெளியே’, டிக். தூக்கத்துல கூட உன் அண்ணி என்னைத் தட்டி எழுப்பி, என்னத்த உளறறீங்கன்னு கேக்கறா.

சில்லு: அது உளறல் இல்ல, எங்க பொழப்பு. ஒரு வினாடி படத்துக்குப் பன்னெண்டு பிரேம். ஒவ்வொண்ணுக்கும் பொம்மையை மயிரிழை நகத்தணும், கையை எடுக்கணும், அப்புறம் பட்டனை அமுக்கணும். தனியா இருந்தாலும் சத்தமாச் சொல்லுவோம். வாய் சொன்னாத்தான் கை கேக்கும்.

ஆணி: கேக்கலேன்னா?

சில்லு: கேக்கலேன்னா… இதோ. இதைப் பாக்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன். ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தாறாவது பிரேம். மைனா படம்.

ஆணி: மாப்புக்காரி படியில நிக்கறா. வாளி இருக்கு. என்ன இருக்கு இதுல?

சில்லு: படிக்குக் கீழ. இருட்டுல. வாளிக்கு வலது பக்கம்.

ஆணி: …நிழலா?

சில்லு: கை.

ஆணி: வாளியோட காதா இருக்கும்.

சில்லு: வாளிக்குக் கட்டைவிரல் முளைக்குமா?

ஆணி: சரி, கைதான். மறந்திருப்பா. ஒரு வினாடியில பன்னெண்டுல ஒரு பங்கு. ஹால்ல முன்னூறு பேரு இருந்தாங்க, எவனாவது பாத்தானா? 

சில்லு: நான் பாத்தேன்.

ஆணி: எப்படி?

சில்லு: காலையில எழுந்ததுல இருந்து உக்காந்து ஒவ்வொரு பிரேமாத் தட்டினேன். மூவாயிரத்துப் பதினாலு.

ஆணி: பல்லு விளக்கினியா?

சில்லு: அண்ணா!

ஆணி: கேட்டேன். மூவாயிரம் தட்டு தட்டியிருக்கே, விரல் தேஞ்சிருக்கும். உன் படத்தை இப்படிப் பாத்தியா?

சில்லு: என் படத்தை எதுக்குப் பாக்கணும்? நானே எடுத்தது. பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. இங்க விஷயம் வேற. இது மைனாவோட கை இல்ல.

ஆணி: …

சில்லு: என்ன, சத்தத்தையே காணோம்?

ஆணி: வாயில ஆணி இருக்கு.

சில்லு: எடுத்துட்டுப் பேசு. விதியைப் படிக்கறேன், கேளு. ‘பொம்மையை மேடையில் நிறுத்தியது முதல் படப்பிடிப்பு முடியும் வரை, மாணவரைத் தவிர வேறு எவர் கையும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் படம் போட்டியிலிருந்து நீக்கப்படும்.’ புகார் சொல்ல இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம். ‘புகார் வந்தால் பரிசு பெற்ற எல்லாப் படங்களையும் நடுவர்கள் ஒவ்வொரு பிரேமாகப் பார்ப்பார்கள்.’ அவ படத்தைத் தூக்கினா அடுத்தது யாரு?

ஆணி: நீ.

சில்லு: நான். முதல் பரிசுப் படம் கடல் தாண்டிப் போகுது அண்ணா. படம் மட்டும் இல்ல, எடுத்தவளும். ஒரு வருஷம் அங்க பெரிய ஸ்டூடியோவுல உக்காந்து பொம்மை நகத்தலாம். ரெண்டாவது படத்துக்கு என்ன தெரியுமா? சுவர்க்கடிகாரம்.

ஆணி: நல்லதுதானே. வீட்டுல இருக்கறது நின்னு நாலு மாசம் ஆச்சு.

சில்லு: சிரிக்காத. எரியுது எனக்கு.

ஆணி: பொறாமையா?

சில்லு: எனக்கா? அவ மேலயா? அவளுக்கு ஒழுங்கா ஒரு கோடு போடத் தெரியாது. வாய் இருக்கு, வேற என்ன இருக்கு? வாத்தியார் வகுப்புக்குள்ள வந்ததும் முதல்ல அவ முகத்தைத்தான் பாப்பாரு. எனக்கு ஒரு விளக்கு கொடுத்தாங்க, அவளுக்கு ரெண்டு. நான் கேட்டா ‘பாக்கலாம்’, அவ கேட்டா ‘எடுத்துக்கோ’. நேத்து மேடையில நின்னுக்கிட்டு அழறா! ஜெயிச்சவ எதுக்கு அழணும்? அழவேண்டியவ நானில்ல கீழ உக்காந்து கை தட்டிட்டு இருந்தேன்?

ஆணி: அப்போ பொறாமை இல்ல.

சில்லு: …பொறாமைதான். வயிறு பத்தி எரியுது. போதுமா?

ஆணி: தண்ணி குடி.

சில்லு: தண்ணி குடிச்சு அணையற நெருப்பா இது? என் படம் எங்க கவுந்துச்சு தெரியுமா? கதவு தட்டற இடம். அவன் கதவை இறக்கி வச்சு, வெட்டவெளியில, சுவரே இல்லாத கதவைத் தட்டறான். டொக், டொக். அதுலதான் ஹாலே மூச்சடைச்சுப் போகணும். அங்க போய்ச் சத்தம் முந்திக்குது! கை கதவுல படறதுக்கு ஒரு பிரேம் முன்னாடியே டொக். நடுவர் ஒருத்தர் நெளிஞ்சாரு. நான் பாத்தேன்.

ஆணி: ஒரு பிரேம்தானே?

சில்லு: ஒரு பிரேம் பிசகினாப் பொம்மை செத்துடும். அந்த ஒலிக்காரன் மடையன்! அவன்கிட்ட எத்தனை தடவை கேட்டேன். நான் சரியாத்தான் வச்சேன், உன் படம்தான் தள்ளி இருக்குன்னு சாதிக்கறான். அன்னைக்குச் சண்டை போட்டதுதான், இப்போ அவன் மூஞ்சியில முழிக்கறதில்ல.

ஆணி: பாவம் அவன்.

சில்லு: என்ன பாவம்?

ஆணி: ஒண்ணுமில்ல. திட்டு வாங்கினான்ல, அதைச் சொன்னேன். …அஞ்சு மணிக்கு இன்னும் நேரமிருக்கு. விட்டுடேன் பாப்பா. அவளுக்கு யாரோ ஒரு கை கொடுத்திருக்காங்க. அவ்வளவுதானே.

சில்லு: யாரோன்னு இருக்கட்டுமா? நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் பெருசாக்கிப் பாத்தேன். இங்க பாரு. கட்டைவிரல் நகம். பாதிதான் இருக்கு. மிச்சம் கறுத்துப் போய், சுத்தியல் பட்ட மாதிரி.

ஆணி: சுத்தியல் படாத கை ஊர்ல எத்தனை?

சில்லு: உறையைக் கழட்டு.

ஆணி: வார்னிஷ்…

சில்லு: டப்பா மூடியே திறக்கல அண்ணா. நான் வந்ததுல இருந்து பாக்கறேன். அந்தப் பலகை நேத்தே காய்ஞ்சது. நான் ‘மைனா படத்துல ஒண்ணு பாக்கணும்’னு போன்ல சொன்னதும் உறையை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கே. கழட்ட வேண்டாம். பள்ளிக்கூடம் போறப்போ எட்டு வருஷம் எனக்குப் பொத்தான் மாட்டிவிட்ட கை. அதோட அரை நகம் என் கழுத்துல கீறும், தினமும். இருட்டுல வச்சாலும் தெரியும் எனக்கு. பாத்த உடனே தெரிஞ்சுடுச்சு.

ஆணி: அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் என்னை நாலு தட்டு, அஞ்சு தட்டுன்னு தட்ட வச்சே?

சில்லு: நீயா சொல்லுவியான்னு பாத்தேன்.

ஆணி: வாத்தியார் ஆயிட்டே.

சில்லு: எத்தனை நாள் போனே அவகிட்ட?

ஆணி: ஒரு நாள். ஒரு மணி நேரம்.

சில்லு: எதுக்கு?

ஆணி: அந்தப் பொண்ணு இங்க வந்துச்சு. ‘அண்ணா, என் மாப்புக்காரி வாளியைத் தூக்கறா, ஆனா வாளியில கனமே இல்ல. எங்க தப்பு?’ன்னு கேட்டுச்சு. போய்ப் பாத்தேன். பொம்மை கையால தூக்குது. கனத்தை எவன் கையால தூக்குவான்? முதல்ல முட்டி மடங்கும், அப்புறம் இடுப்பு, கை கடைசியிலதான். குனிஞ்சு காட்டினேன். ‘நீங்களே நகத்துங்களேன்’னுச்சு.

சில்லு: நகத்தினே.

ஆணி: பன்னெண்டு தடவை. ஒரு வினாடி.

சில்லு: …எப்படி இருந்துச்சு?

ஆணி: எதுக்குக் கேக்கறே?

சில்லு: சொல்லு.

ஆணி: நகத்தறப்போ ஒண்ணுமே தெரியல. செத்த பொம்மை. அப்புறம் அந்தப் பொண்ணு படத்தை ஓட்டிக் காட்டுச்சு. அவ… தூக்கினா, பாப்பா. வாளி கனத்துச்சு. எனக்கு முதுகுல வலிச்சுது. பதினோரு வருஷமா உங்க பொம்மைக்கெல்லாம் கம்பியில எலும்பு முறுக்கிக் கொடுக்கறேன், ஒண்ணு கூட என் கையில நடந்ததில்ல. அன்னைக்கு நடந்துச்சு.

சில்லு: மூணு வருஷம் நான் பக்கத்து அறையில இருந்தேன். எனக்கு வந்தியா? ஒரு நாள் வந்து நின்னியா?

ஆணி: நீதானே வராதன்னு சொன்னே.

சில்லு: சொன்னா வராம இருந்துடுவியா?

ஆணி: நல்லாருக்கே கதை! ‘அண்ணா, அந்தப் பக்கம் தலை காட்டிடாத, யாராவது பாத்துடுவாங்க.’ யாரு சொன்னது? மைனாவா?

சில்லு: அவ கூப்பிட்டதும் வாலை ஆட்டிட்டுப் போயிட்டே.

ஆணி: வந்தேன் ஒரு நாள். உனக்கும்.

சில்லு: எப்போ?

ஆணி: காய்ச்சலோட படம் எடுத்தியே. மத்தியானம் அறையிலயே, விளக்குக்குக் கீழ சுருண்டு கிடந்தே. மாத்திரை யாரு கொண்டுவந்து வச்சா?

சில்லு: அது நீயா? வாட்ச்மேன்னு நினைச்சு அவருக்கு நன்றி சொன்னேன்.

ஆணி: அவரு வாங்கிட்டாரா?

சில்லு: ‘பரவாயில்லம்மா’ன்னாரு.

ஆணி: திருடன்.

சில்லு: மாத்திரையை வச்சுட்டுப் போயிட்டே. அவளுக்கு ஒரு வினாடி நகத்திக் கொடுத்தே. ரெண்டும் ஒண்ணா? அவ என்ன உனக்கு?

ஆணி: மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பட்டறைக் கதவுல நான் ஒரு அட்டை எழுதி ஒட்டினேன். ஞாபகம் இருக்கா? என் கையால எழுதின முதல் அட்டை.

சில்லு: …இருக்கு.

ஆணி: வரிசையா நின்னு படிச்சுச் சிரிச்சாங்க பிள்ளைங்க. நடுவுல நீயும் நின்னே. நீயும் சிரிச்சே.

சில்லு: எல்லாரும் சிரிச்சாங்க, நான் மட்டும்…

ஆணி: மைனா பேனா எடுத்துச்சு. ரெண்டு எழுத்தைத் திருத்திட்டு, ‘இப்போ சரியாண்ணா?’ன்னு கேட்டுச்சு.

சில்லு: பாத்தியா! அதையும் பேர் வாங்கத்தான் பண்ணியிருப்பா! சுத்தி ஆள் இருந்துச்சா இல்லையா?

ஆணி: இருந்துச்சு. நீ இருந்தே.

சில்லு: அந்தப் பேச்சு இப்போ எதுக்கு?

ஆணி: நீ மட்டும்தான் எரியறேன்னு நினைக்காத. நேத்து ஹால்ல ஓரமா நின்னு உன் படம் பாத்தேன். ஏழு மாடி, லிஃப்ட் கிடையாது, முதுகுல கதவைக் கயித்துல கட்டிக்கிட்டு ஏறினது யாரு? மேல போனா, அளவு தப்பு, திருப்பி எடுத்துட்டுப் போன்னு சொன்னது யாருக்கு? ராத்திரி சாப்பிடறப்போ உன்கிட்ட சொல்லிச் சிரிச்சது யாரு?

சில்லு: நீ.

ஆணி: படம் முடிஞ்சு பேரு ஓடுது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறவன், அதுக்குள்ள ஓடிடுச்சு. சாயந்திரம் மறுபடி போட்டாங்கல்ல, பலகை தூக்கற வேலையை விட்டுட்டு வந்து நின்னு படிச்சேன். கதை, உன் பேரு. அசைவு, உன் பேரு. ஒளி, உன் பேரு. இயக்கம், உன் பேரு. நன்றின்னு ஒரு பட்டியல், அதுல விளக்கு வாடகைக்காரன் கூட இருக்கான்.

சில்லு: உன் பேரைப் போட்டா, யாருன்னு கேப்பாங்க…

ஆணி: கேப்பாங்க. ‘சேச்சே’ன்னு சொல்லியிருக்கலாம்.

சில்லு: அண்ணா…

ஆணி: முதுகு என்னோடது, கதவு என்னோடது. பேரு மட்டும் உன்னோடது. எரியாதா எனக்கு? நான் என்ன மரமா?

சில்லு: இரு. ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. மைனா படத்துல பட்டனை அமுக்கினது யாரு?

ஆணி: நான்தான். ‘நீங்களே அமுக்குங்க’ன்னுட்டு அந்தப் பொண்ணு டீ வாங்கப் போயிடுச்சு.

சில்லு: பதினோரு வருஷமா ‘கை வெளியே’ கேக்கறவன் நீ. தூக்கத்துலயும் சொல்றவன். சொல்லாம அமுக்கினியா?

ஆணி: சொன்னேன்.

சில்லு: சொல்லிட்டு?

ஆணி: …எடுக்கல.

சில்லு: வேணும்னே வச்சே.

ஆணி: ஓரமாத்தான் வச்சேன். இருட்டுல. யாருக்கும் கெடுதல் இல்லாம. ஒரு வினாடியில பன்னெண்டுல ஒரு பங்கு… அந்தத் திரையில நானும் இருந்துட்டுப் போறேனேன்னு. நேத்து முன்னூறு பேர் நடுவுல நான் ஒருத்தன் மட்டும் கண்ணு கொட்டாமக் காத்துட்டு நின்னேன். வந்துச்சு. போயிடுச்சு. அவ்வளவுதான்.

சில்லு: அவ படத்துல.

ஆணி: ம்?

சில்லு: இருந்துட்டுப் போக உனக்கு அவ படம்தான் கிடைச்சுது.

ஆணி: சரி, நான் பண்ணினது தப்புதான். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, அதுக்கு இந்தக் கை விஷயமே தெரியாது. மணி நாலு. அந்தப் புகாரை அனுப்பாத பாப்பா. உன் அண்ணன் கேக்கறேன்.

சில்லு: …அனுப்பிட்டேன்.

ஆணி: எப்போ?

சில்லு: காலையில பத்து மணிக்கு. இங்க வர்றதுக்கு முன்னாடியே.

ஆணி: என் கைன்னு தெரிஞ்சுமா?

சில்லு: தெரிஞ்சதாலதான். வேற எவன் கையா இருந்தாலும் விட்டுத் தொலைச்சிருப்பேன்! அப்படிப் பாக்காத. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கும் சேத்துத்தான் எழுதினேன்.

ஆணி: என்னன்னு?

சில்லு: ‘பட்டறை ஊழியர் ஒருவரின் கை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, விதி தெரிந்திருக்க வாய்ப்பில்லை’ன்னு.

ஆணி: பேரு எழுதலையா?

சில்லு: இல்ல.

ஆணி: ஆணின்னு கூட?

சில்லு: இல்ல.

ஆணி: முப்பத்தஞ்சு வயசுல சிலேட்டு வாங்கி உக்காந்தேன் நான். உன் பழைய புத்தகத்தை வச்சுத்தான். அந்த விதியை வாசல்ல ஒட்டின அன்னைக்கே அரை மணி நேரம் நின்னு படிச்சு முடிச்சுட்டேன். தெரியாம ஒண்ணும் தொடல. நடுவர்கிட்ட நானே போய்ச் சொல்லிக்கறேன், படிக்கத் தெரிஞ்சவன்தான்னு.

சில்லு: வேணாம்ணா, வேலை போயிடும்… நடுவர் உக்காந்தாச்சு. மத்தியானமே பதில் போட்டாங்க. மூணு படத்தையும் ஆறு மணிக்குள்ள பாத்து முடிச்சுடுவாங்களாம். நீ பேசாம இரு.

ஆணி: மூணையுமா?

சில்லு: படிச்சேன்ல, விதி அது. பரிசு வாங்கின எல்லாப் படத்தையும். ஒவ்வொரு பிரேமா.

ஆணி: உன்னோடதையும்.

சில்லு: பாக்கட்டுமே. எனக்கென்ன பயம்? சத்தம் பிசகினதுக்கு விதி இல்ல… எதுக்குச் சிரிக்கறே? அண்ணா? எதுக்கு உறையைக் கழட்டறே இப்போ?

ஆணி: அந்த ஒலிக்காரப் பையன்கிட்ட போய் மன்னிப்புக் கேட்டுடு. அவன் சரியாத்தான் வச்சான், உன் படம்தான் ஒரு பிரேம் தள்ளி இருக்கு. அன்னைக்கு நீ காய்ச்சல்ல கிடந்தே, உன் கதவுக்காரப் பொம்மை கதவை இறக்கி வச்சுட்டு நின்னுச்சு, கேமரா போட்டபடியே இருந்துச்சு… ‘கை வெளியே’ன்னு சொல்லிட்டு, கையை எடுக்காமலே ஒரு பிரேம் கூடுதலா அமுக்கிட்டேன். அது ஆறு மாசம் முந்தி, பாப்பா. என் கை முதல்ல வந்தது உன் படத்துலதான். மைனாவோடது ரெண்டாவது.